நம்ம பேரு எந்த லிஸ்ட்ல இருக்கு? ஓட்டர் லிஸ்ட், மஸ்டர் ரோல் ரெண்டையும் பத்தி பேசலாம் வாங்க

#1 ஒரகடம் செகண்ட் ஷிஃப்ட்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல இருக்குற விஷயம், கொஞ்சம் நீளமா வரும், பொறுமையா படிங்க.

அரசியல் சீர்திருத்தம்னு பேச்சு வந்தாலே ஈ.வி.எம்மா பேப்பரா, கட்சித் தாவல், பணப்பட்டுவாடான்னு அதுலயே சுத்தி சுத்தி வருது. அதெல்லாம் பேச வேண்டியது தான், இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி இருக்கு, நம்ம பேரு எந்த லிஸ்ட்ல இருக்கு?

எனக்கு சொந்த ஊரு செஞ்சி பக்கம். 2024 ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை லோக்சபா ஓட்டு. அப்ப நான் ஒரு பார்ட்ஸ் கம்பெனில கான்ட்ராக்ட். 18-ந்தேதி செகண்ட் ஷிஃப்ட், விட ராத்திரி பன்னெண்டு ஆயிடும். பர்மனென்ட் ஆளுங்களுக்கு லீவுன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டாங்க. எங்களுக்கு என்னன்னு சூப்பர்வைசர்ட்ட கேட்டா "உங்க கான்ட்ராக்டர கேளுங்க"ன்னார், கான்ட்ராக்டர்ட்ட கேட்டா "கம்பெனி எனக்கு லெட்டர் எதுவும் தரலப்பா"ன்னார். சரி போறது போறோம்னு நாங்க நாலு பேரு யூனிஃபார்மோட கிளம்பிட்டோம். கிளாம்பாக்கம் போய் சேரும்போது ஒன்றரை மணி, பிளாட்ஃபார்ம் முழுக்க எங்கள மாதிரி ஆளுங்க தான், தோள்ல பேக், கழுத்துல கம்பெனி ஐ.டி கார்டு அப்படியே தொங்குது. திண்டிவனம் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தோம். காலைல ஏழே முக்காலுக்கு ஓட்டு போட்டேன், அம்மா கையால ரெண்டு இட்லி சாப்டேன், மத்தியானம் திரும்ப பஸ் ஏறிட்டேன்.

அந்த மாச சம்பள சிலிப்ல 19-ந்தேதிக்கு நேரா ஆப்சென்ட்னு இருந்துச்சு. ஒரு நாள் கூலி போச்சு, மாசம் முழுக்க லீவு போடாம வந்தா கிடைக்கிற அட்டெண்டன்ஸ் அவார்டும் அதோட போச்சு. ரெண்டும் சேர்த்து 1,700 ரூபா கிட்ட.

இது ஒரு லிஸ்ட். இன்னொன்னு இருக்கு. அதே கம்பெனில ஒர்க்ஸ் கமிட்டிக்கு, அதாவது தொழிலாளிங்களும் நிர்வாகமும் சேர்ந்து பேசுற குழுவுக்கு, ஆள் தேர்ந்தெடுத்தாங்க. கேண்டீன்ல எல்லாரையும் உக்கார வெச்சு, எச்ஆர் மேனேஜர் முன்னாடி நிக்க, பேரு சொல்லி "யாரெல்லாம் ஆதரவு, கை தூக்குங்க"ன்னாங்க. யாரு தூக்கினா யாரு தூக்கலன்னு அவர் பாத்துக்கிட்டே இருக்கார். அதுலயும் எங்கள தனியா ஓரமா நிக்க சொல்லிட்டாங்க, ஏன்னா கம்பெனி மஸ்டர் ரோல்ல, அதாவது வேலை பாக்குறவங்க பேரு எழுதுற நோட்டுல, எங்க பேரு இல்ல, கான்ட்ராக்டர் மஸ்டர் ரோல்ல தான் இருக்கு. அதே லைன், அதே மெஷின், அதே டார்கெட், பக்கத்துல நிக்கிறவன் பேரு மட்டும் வேற நோட்டுல.

ஊர்ல ஓட்டு இருக்கு, ஆனா அங்க நான் இல்ல. இங்க நான் இருக்கேன், ஓட்டு இல்ல. கம்பெனிக்குள்ள உழைப்பு மட்டும் இருக்கு, குரல் இல்ல. தொழிலாளி ஓட்டு போட்ட நாளுக்கு சம்பளம் பிடிக்க யாருக்கும் துணிச்சல் வரக் கூடாது, ஃபேக்டரிக்குள்ள யூனியன ரகசிய ஓட்டுல தான் தேர்ந்தெடுக்கணும், அந்த ஓட்டு கான்ட்ராக்ட் ஆளுக்கும் இருக்கணும். நான் கேக்குறது இவ்ளோ தான். இதுல சட்டம் தெரிஞ்சவங்க, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

#2 வைகைக்கரை வக்கீல்

தம்பி, உங்களுக்கு நடந்தது அப்பட்டமா சட்டத்துக்கு விரோதம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 135பி. 1996-ல சேர்த்தது. வியாபாரம், தொழிற்சாலை, வேற எந்த நிறுவனத்துல வேலை பாக்குறவரா இருந்தாலும், ஓட்டுரிமை இருந்தா ஓட்டு நாள் அன்னைக்கு சம்பளத்தோட லீவு கொடுத்தாகணும். தினக்கூலி ஆளா இருந்தாலும் அந்த நாள் கூலி கொடுக்கணும்னு அந்தப் பிரிவுலயே இருக்கு. அவர் இல்லன்னா ஆபத்து வரும், பெரிய நஷ்டம் வரும்ங்கிற வேலைக்கு மட்டும் தான் விலக்கு. பர்மனென்ட், கான்ட்ராக்ட்னு சட்டத்துல பிரிக்கவே இல்ல.

ஆனா இந்த சட்டத்தோட பல்லு எவ்ளோன்னு பாருங்க. லீவு கொடுக்காத முதலாளிக்கு அதிகபட்ச அபராதம் 500 ரூபா. அதிகபட்சமே அவ்ளோ தான், குறைஞ்சபட்சம்னு ஒன்னு கிடையாது. ஓட்டு போட்ட உங்களுக்கு போனது 1,700, சட்டத்த மீறுனவருக்கு போகக்கூடியது 500. நான் இத்தன வருஷமா கோர்ட்டுக்கு போய்ட்டு வர்றேன், இந்தப் பிரிவுல ஒரு கேஸ் கூட என் கண்ணுல பட்டதில்ல. ஒவ்வொரு தேர்தலுக்கும் லேபர் டிபார்ட்மெண்ட்ல கண்ட்ரோல் ரூம் போட்டு நம்பர் கொடுப்பாங்க, போன் பண்ணா கம்பெனிக்கு ஒரு கால் போகும், லீவு கிடைக்கிறதும் உண்டு. ஆனா போன் பண்ண ஆளு யாருன்னு தெரிஞ்சா அடுத்த மாசம் கான்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டாங்க, அந்த பயத்துலயே யாரும் பண்றதில்ல.

தொகைய ஏத்தணும், அது ஒரு சின்ன திருத்தம். என்னைக் கேட்டா, பிடிச்ச சம்பளத்துக்கு பல மடங்கு தொழிலாளிக்கே போய் சேரணும்னு எழுதணும், அப்ப தான் கணக்கு பாத்து அடங்குவாங்க.

#3 நேர்வழி

எல்லாம் சரிங்க, லீவு கொடுத்து என்ன ஆகப் போகுது. திருமங்கலம் 2009-ல ஆரம்பிச்சது, 2016-ல அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல ஆர்.கே. நகர், 2019-ல வேலூர்னு பணம் ஆறா ஓடி தேர்தலையே ரத்து பண்ற அளவுக்கு வந்துடுச்சு. வாங்குறவங்க யாரு, நம்ம தொழிலாளி குடும்பங்க தான. முதல்ல இவங்க மாறட்டும், அப்புறம் சட்டத்த மாத்தலாம். எனக்கு இது உண்மையாவே வேதனையா இருக்கு, குத்திக்காட்ட சொல்லல.

#4 சாக்பீஸ் டீச்சர்

நான் அரசுப் பள்ளி ஆசிரியை, அஞ்சு தேர்தல்ல டியூட்டி பார்த்திருக்கேன், ரெண்டு தடவை பிரிசைடிங் ஆபீசர்.

நேர்வழி சாருக்கு ஒன்னு சொல்லணும். நான் பார்த்த ஒரு சம்பவம், இன்னும் மறக்க முடியல. சாயங்காலம் ஆறு மணிக்கு கேட்ட சாத்தணும். அதுக்குள்ள காம்பவுண்டுக்குள்ள வந்துட்டவங்களுக்கு டோக்கன் கொடுப்போம், வரிசையோட கடைசி ஆள்ல இருந்து ஒன்னு, ரெண்டுன்னு நம்பர் போட்டுக்கிட்டே முன்னாடி வருவோம், அப்ப தான் நடுவுல புதுசா யாரும் சேர முடியாது. அன்னைக்கு டோக்கன் கொடுத்து முடிச்சு, கேட்ல போலீஸ்காரர் நிக்கிறார், ஆறு பத்து இருக்கும், ஒரு பையன் பஸ் ஸ்டாப்ல இருந்து ஓடி வர்றான். முதுகுல பேக், கையில பூத் ஸ்லிப். பெங்களூர்ல கட்டட வேலையாம், மேஸ்திரி மத்தியானம் தான் விட்டாராம். அம்பது அடி தூரத்துல மெஷின் இருக்கு, என்னால உள்ள விட முடியல, விதி அப்படி. அந்தப் பையன் சண்டை போடல, கேட்ட பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னுட்டு போயிட்டான். அவன காசுக்கு ஓட்டு போடுறவன்னு சொல்ல எனக்கு மனசு வராது சார். அவனோட பஸ் டிக்கெட் காசு யாரும் கொடுக்கல.

நான் கேக்குறது இது தான். தேர்தல் டியூட்டி பாக்குற எங்களுக்கு சொந்த பூத்துக்கு போக முடியாதுன்னு தபால் ஓட்டு இருக்கு, அதே தொகுதிக்குள்ள டியூட்டின்னா ஈ.டி.சி சர்டிஃபிகேட் காட்டி வேலை பாக்குற பூத்துலயே போடலாம். ராணுவத்துல இருக்குறவங்களுக்கு ஆன்லைன்ல பேலட் போகுது. 85 வயசு தாண்டினவங்களுக்கு வீட்டுக்கே போய் வாங்குறோம். அதாவது, இருக்குற இடத்துல இருந்து ஓட்டு போட வைக்கிற வழி அரசாங்கத்துக்கு தெரியும். வேலைக்காக ஊர விட்டு வந்த கூலித் தொழிலாளி அந்தப் பட்டியல்ல இல்ல, அவ்ளோ தான் வித்தியாசம்.

2019-ல 30 கோடி பேர் ஓட்டே போடலன்னு தேர்தல் ஆணையமே சொல்லி, வெளியூர்ல இருக்குறவங்களுக்காக ஒரு ரிமோட் மெஷின் செஞ்சாங்க, ஒரே மெஷின்ல 72 தொகுதி வரைக்கும் கையாளலாம்னாங்க. 2023 ஜனவரில டெமோ காட்ட கட்சிகள கூப்பிட்டாங்க. எதிர்க்கட்சிகள் சந்தேகம் கிளப்பினாங்க, அதோட நின்னு போச்சு. சந்தேகம் நியாயமானது தான், பீகார் தொகுதிக்கு இங்க நடக்குற ஓட்டுல யாரு ஏஜென்ட் உக்காருவாங்க? ஆனா மெஷின் வேணாம்னா தபால் ஓட்டாவது கொடுக்கலாமேன்னு யாருமே விடாம கேக்கலங்கிறது தான் என் ஆதங்கம்.

#5 பெரம்பூர் லோகோ ரிட்டயர்டு

ஒரகடம் தம்பி எழுதினத ரெண்டு தடவை படிச்சேன். கேண்டீன்ல கை தூக்க சொன்ன இடத்துல நிறுத்திட்டு கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன்.

நான் பொறந்து வளர்ந்தது பெரம்பூர். எங்க தாத்தா பின்னி மில்லுல, அதான் பி அண்ட் சி மில்லுல நெசவு. 1918 ஏப்ரல் 27-ந்தேதி இங்க ஆரம்பிச்சது தான் மெட்ராஸ் லேபர் யூனியன். வாடியா தலைவர், திரு.வி.க. கூட நின்னார். 1920-ல தகராறு வந்தப்ப கம்பெனி ஹைகோர்ட்டுக்கு போய், தொழிலாளிய தூண்டி விட்டு எங்களுக்கு நஷ்டம் பண்ணிட்டாங்கன்னு வாடியா மேலயும் யூனியன்காரங்க மேலயும் கேஸ் போட்டு தடை வாங்கிடுச்சு. யூனியன் வெக்கிறதே சட்டப்படி குத்தம் மாதிரி ஆயிப் போச்சு. அந்த அடியில இருந்து கிளம்பினது தான் 1926 தொழிற்சங்கச் சட்டம். அதாவது நம்ம வடசென்னை ஜனங்க வாங்குன அடி நாட்டுக்கே சட்டமாச்சு.

ஆனா அந்த சட்டத்துல ஒரு ஓட்டை. யூனியன பதிவு பண்ணலாம்னு இருந்தது, பதிவான யூனியன்கிட்ட முதலாளி பேசியே ஆகணும்னு இல்ல. நூறு வருஷமா அந்த ஓட்டைக்குள்ள தான் நாம விழுந்துக்கிட்டு இருக்கோம். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங்ல 2024 செப்டம்பர் 9-ல இருந்து 37 நாள் ஸ்டிரைக் எதுக்கு நடந்துச்சு? சம்பளம் ஒரு பக்கம், ஆனா முக்கியமா யூனியனுக்கு பதிவு கொடு, எங்ககூட பேசு, அது தான். பேருல கம்பெனி பேரு வரலாமா கூடாதான்னே மாசக்கணக்கா இழுத்து, ஹைகோர்ட் வரைக்கும் போய், 2025 ஜனவரி கடைசில தான் பதிவு ஆச்சு.

ரயில்வேல நாங்க ஓட்டு போட்டு யூனியன தேர்ந்தெடுப்போம். 2007-ல தான் முதல் தடவை ரகசிய வாக்கெடுப்பு. நிஜ தேர்தல் மாதிரியே பூத், பெட்டி, மறைப்பு, கையில மை. முப்பது வருஷ சர்வீஸ் எனக்கு அப்ப. ஷெட்ல கூட வேலை பாக்குற கலாசி ஒருத்தர் மறைப்புக்கு பின்னாடி போய்ட்டு ரொம்ப நேரம் வரல, என்னாச்சுன்னு பாத்தா சீட்ட மடிச்சு மடிச்சு இத்துனூண்டா ஆக்கி வெச்சிருக்கார், "யாருக்கும் தெரியக் கூடாதுல்ல"ன்னார். அதுவரைக்கும் அவர் எந்த யூனியன்காரன் வந்தாலும் சந்தா கொடுப்பார், மூணு யூனியன் ரசீதும் அவர் பெட்டியில இருக்கும், யாரையும் பகைச்சுக்க முடியாதுன்னு. அன்னைக்கு தான் அவரு இஷ்டம்னு ஒன்னு வெளிய வந்துச்சு. அப்புறம் 2013-ல நடந்தது. அதுக்கடுத்து 2024 டிசம்பர்ல. பதினோரு வருஷம் இழுத்துட்டாங்க, அது அநியாயம்.

ரசீத எண்ணி யூனியன அங்கீகரிச்சா என்ன ஆகும்னு பம்பாய் காட்டுச்சு. 1982 ஜனவரில ரெண்டரை லட்சம் மில் தொழிலாளி தத்தா சாமந்த்ங்கிற யூனியன் தலைவர் பின்னாடி ஸ்டிரைக்குக்கு போனாங்க. அங்கீகாரம் வேற யூனியன்கிட்ட, தொழிலாளி மனசு வேற ஆள்கிட்ட. ஒரு நாள் ரகசிய ஓட்டு வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். வெக்கல, மில்லும் போச்சு குடும்பங்களும் போச்சு. கேரளா 2010-லயே ரகசிய ஓட்டோட தனிச் சட்டம் போட்டுட்டாங்க. யூனியன் பொறந்த மெட்ராஸ்ல நாம அப்படி ஒன்னு போடல. இத எழுதும்போதே எனக்கு வயிறு எரியுது.

#6 பனியன் கம்பெனி அக்கா

நேர்வழிங்க, காசு வாங்குறவங்கன்னு பொத்தாம் பொதுவா சொல்லாதீங்க. நான் திருப்பூர்ல செக்கிங் செக்சன்ல பதினாறு வருசமா இருக்கேனுங்க. வாரக்கூலி சனிக்கிழமை வாங்குனா செவ்வாய்க்கிழமை கடன்காரன் கையில இருக்கும். அந்த நெலமைல இருக்குறவங்க கிட்ட போய் ஆயிரம் ரூவாய நீட்டறவன மொதல்ல கேளுங்க. அந்தக் காசு எங்க இருந்து வருதுன்னு கேளுங்க.

நான் சொல்ல வந்தது வேற. எங்க லைன்ல பாதிப் பேரு ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார். 2023 மார்ச்ல வட இந்தியாக்காரங்கள இங்க அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ பரவுச்சில்லீங்களா, அப்ப என் பக்கத்துல இருந்த ஜார்க்கண்ட் புள்ளைங்க மூணு பேரு அழுதுட்டே பெட்டி கட்டிட்டாங்க. போலீசு வந்து பேசுனாங்க, ஆபீசருங்க வந்தாங்க, நல்லது தான். ஆனா அந்தப் புள்ளைங்களுக்கு தெரிஞ்ச ஒரு கவுன்சிலர் கெடையாது, வார்டு ஆளு ஒருத்தர் கெடையாது, "நான் இருக்கேன், நீ போகாத"ன்னு சொல்ல. எப்படி இருக்கும்? ஓட்டு இல்லாத காம்பவுண்டுக்குள்ள யாரு வருவா? எங்க காம்பவுண்டுல ரூம்ல ஏழு பேரு எட்டு பேரு, ஒரே ஒரு கக்கூஸு. ஓட்டு கேக்க வந்தாங்கன்னா எங்க வீட்டு வாசலோட திரும்பிருவாங்க, பின்னாடி லைன் வீட்டுக்கு போறதே இல்லீங்க.

போன 2025 நவம்பர்ல பீகார்ல ஓட்டு. எங்க அயர்னிங் பையன் ஒருத்தன் அன்ரிசர்வ்டுல ரெண்டு ராத்திரி நின்னுட்டே போனான். வந்ததுக்கு அப்புறம் விரல காட்டுனான், அவ்ளோ சந்தோசம் மூஞ்சில. பதினஞ்சு நாள் கூலி போச்சு அவனுக்கு.

அப்புறம் ஒன்னு, யூனியன் பத்தி எல்லாரும் பேசறீங்க, அதுல பொம்பளைங்க எங்க? எங்க தொழில்ல கூலி பேச்சுவார்த்தைக்கு போய் உக்கார்றவங்க போட்டோ பேப்பர்ல வரும், ஒரு சேலை கூட தெரியாது. ரகசிய ஓட்டு வந்துச்சுன்னா அது மாறும்னு நான் நம்பறேனுங்க. கை தூக்கச் சொன்னா வீட்டுக்காரரு என்ன சொல்லுவாரு, சூப்பர்வைசர் என்ன சொல்லுவாருன்னு பாக்கோணும். சீட்டுல பாக்க வேண்டியதில்ல.

#7 ஷாப்ஃப்ளோர் எச்ஆர்

நான் மேனேஜ்மெண்ட் பக்கம் வேலை பாக்குறவன், திட்டினாலும் பரவால்ல, மனசுல பட்டத சொல்றேன். கான்ட்ராக்ட் ஆளுங்களையும் ஓட்டுல சேர்க்கணும்னு சொல்றது கேக்க நல்லாருக்கு, ஆனா ஆறு மாசத்துல பாதிப் பேரு மாறிடுவாங்க. ஜனவரில ஓட்டு போட்டவன் ஜூலைல இல்ல. அவன் தேர்ந்தெடுத்த யூனியன் மூணு வருஷ அக்ரிமெண்ட் போடும், அது யாரைக் கட்டுப்படுத்தும்? அதுவும் போக, வெளியாளுங்க வந்து தலைமை ஏத்துக்குறாங்கங்கிற கவலை கம்பெனிகளுக்கு நெசமாவே இருக்கு.

ஆனா ரகசிய ஓட்டுல எனக்கு ஒடன்பாடு தான். நான் முன்னாடி இருந்த பிளான்ட்ல ஒர்க்ஸ் கமிட்டிக்கு நாங்களே சீட்டு போட வெச்சோம். ஹெல்மெட் வந்த அட்டைப்பெட்டில ஓட்டை போட்டு பெட்டி, எச்ஆர் ஆளுங்க யாரும் அந்த ரூம்ல இருக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணோம். நாங்க எதிர்பார்த்த ஆளு ஒருத்தர் கூட ஜெயிக்கல. பேக்கிங்ல இருந்து அதிகம் பேசாத ஒரு பொண்ணு ஜெயிச்சாங்க. முதல் மீட்டிங்ல அவங்க கேட்டது, கம்பெனி பஸ் மெயின் ரோட்டுல இறக்கி விடுது, அங்க இருந்து ஊருக்குள்ள ஒன்றரை கிலோமீட்டர் இருட்டுல நடக்குறோம்னு. அந்த ரூட் நாலு வருஷமா ஓடுது, எங்க யாருக்கும் அது தெரியவே தெரியாது. அடுத்த வாரமே மாத்தினோம்.

#8 வைகைக்கரை வக்கீல்

எச்ஆர் சார், வெளியாள் கவலைக்கு சட்டத்துலயே வரம்பு இருக்கு. ஃபேக்டரி மாதிரி இடத்துல யூனியன் நிர்வாகிகள்ல மூணுல ஒரு பங்கு இல்ல அஞ்சு பேரு, எது குறைவோ அவ்ளோ தான் வெளியாள் இருக்கலாம், 2001-லயே வந்த திருத்தம்.

இப்ப நிலைமை என்னன்னா, 2025 நவம்பர் 21-ல இருந்து தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்துடுச்சு. பெரியவர் சொன்ன அந்த நூறு வருஷ ஓட்டைய ஓரளவு அடைச்சிருக்காங்க. பல யூனியன் இருந்தா மஸ்டர் ரோல்ல உள்ளவங்கள்ல 51 சதவீதம் ஆதரவு இருக்குற யூனியன் கூட முதலாளி பேசணும். யாருக்கும் 51 இல்லன்னா குறைஞ்சது 20 சதவீதம் ஆதரவு உள்ள யூனியன்கள் சேர்ந்து ஒரு கவுன்சில். நல்லது. ஆனா அந்த ஆதரவ எப்படி சரிபார்க்கிறதுன்னு சட்டத்துல எழுதல, விதிகளுக்கு விட்டுட்டாங்க. அதாவது ரகசிய ஓட்டா, கை தூக்குறதா, ரசீதாங்கிறது விதியில தான் இருக்கு. அப்புறம் "மஸ்டர் ரோல்". ஒரகடம் தம்பி பேரு கான்ட்ராக்டர் நோட்டுல இருக்கும் வரைக்கும் கம்பெனியோட 51 சதவீதக் கணக்குலயே அவர் வர மாட்டார். ஆயிரம் பேரு வேலை பாக்குற இடத்துல முன்னூறு பேரு மட்டும் மஸ்டர்ல இருந்தா, 153 பேரு சொல்றது தான் பெரும்பான்மை.

இன்னொரு பக்கம் அதே சட்டம் ஸ்டிரைக்குக்கு எல்லா ஃபேக்டரிக்கும் 14 நாள் நோட்டீஸ்னு கொண்டு வந்துடுச்சு, முன்னாடி அது பொதுப் பயன்பாட்டு சேவைகளுக்கு மட்டும் தான். பாதிப் பேரு ஒரே நாள்ல கேஷுவல் லீவு போட்டா அதுவும் ஸ்டிரைக். பேசுறதுக்கான வாசல் சின்னதாவும், தடுக்குற வாசல் பெருசாவும் இருக்குங்கிறது என் கருத்து.

பனியன் கம்பெனி அக்கா காசு எங்க இருந்து வருதுன்னு கேட்டாங்க, அது தான் சரியான கேள்வி. யூனியன் அரசியலுக்கு ஒரு ரூபா செலவு பண்ணணும்னா தனி நிதி வெக்கணும், எந்த மெம்பரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, கொடுக்காதவர யூனியன்ல ஒதுக்கவும் கூடாது. 1926-லயே இருந்த விதி, புதுச் சட்டத்துலயும் தொடருது. கம்பெனி கொடுக்கணும்னா? போர்டுல ஒரு தீர்மானம் போதும். பங்கு வெச்சிருக்குறவங்கள கேக்க வேண்டியதில்ல, லாபத்த உண்டாக்குன தொழிலாளிய கேக்குற பேச்சே இல்ல. மூணு வருஷ சராசரி லாபத்துல ஏழரை சதவீதம்னு இருந்த வரம்ப 2017-ல எடுத்துட்டாங்க, 2018-ல தேர்தல் பத்திரம் வந்துச்சு, யாரு கொடுத்தாங்கன்னே தெரியாம. 2024 பிப்ரவரி 15-ல சுப்ரீம் கோர்ட் அஞ்சு நீதிபதி பெஞ்ச் ரெண்டையும் செல்லாதுன்னு சொன்னதால ஓட்டர்களுக்கு அந்த விவரமே வெளிய வந்துச்சு. யூனியனுக்கு இருக்குற அதே விதிய கம்பெனிக்கும் வெக்கணும். அது ஒன்னும் புரட்சி இல்ல, சமம்.

#9 ஒரகடம் செகண்ட் ஷிஃப்ட்

எச்ஆர் சார் வந்து பேசினதுக்கு நன்றி, நெசமா தான் சொல்றேன். ஆனா ஆறு மாசத்துல மாறிடுறாங்கன்னு சொல்றீங்களே, அவங்களா மாறல சார். என் கூட இருந்தவர் ஏழு வருஷமா அதே மெஷின்ல நிக்கிறார், கான்ட்ராக்டர் பேரு தான் மூணு தடவை மாறிடுச்சு, ஒவ்வொரு தடவையும் புது ஐ.டி, புது சேர்ற தேதி. பேப்பர்ல பாத்தா அவர் புது ஆளு. இத்தன நாள் அந்த கேட்டுக்குள்ள வேலை பாத்தா ஓட்டு உண்டுன்னு வெச்சுடுங்க, 90 நாள்னு வெச்சாலும் சரி. பி.எஃப் யு.ஏ.என் நம்பர் எல்லாருக்கும் இருக்கு, கான்ட்ராக்டர் மாறினாலும் அது மாறாது, அத வெச்சு லிஸ்ட் எடுக்க எவ்ளோ நேரம் ஆகும்?

இன்னொரு லிஸ்ட் பத்தி சொல்ல மறந்துட்டேன். மே 1 கிராம சபை நடக்கும்ல, அன்னைக்கு எங்களுக்கும் லீவு. நாங்க ரூம் எடுத்து தங்கியிருக்குற ஊர்ல தண்ணி லாரி நாலு நாளைக்கு ஒரு தடவை தான் வருது, எங்க தெருவுல மட்டும் எரநூறு பேரு இருப்போம். சரி கிராம சபைல கேப்போம்னு நானும் ரூம் பசங்க ரெண்டு பேரும் போனோம். கோயில் பக்கத்துல பந்தல், சேர் போட்டிருக்காங்க, நாங்க பின்னாடி உக்காந்தோம். வருகைப் பதிவேடு வந்துச்சு, கையெழுத்து போட போனா அவர் நிமிர்ந்து பாத்து "உங்க பேரு இந்த ஊர் ஓட்டர் லிஸ்ட்ல இருக்கா தம்பி"ன்னார். இல்லன்னோம். "அப்ப கேக்கலாம், ஆனா தீர்மானத்துல வராது"ன்னார். மரியாதையா தான் சொன்னார், தப்பா எதுவும் பேசல. கிராம சபைன்னாலே அந்த ஊர் ஓட்டர் லிஸ்ட்ல உள்ளவங்க தான்னு சட்டம் இருக்காம். தொழிலாளர் தினத்தன்னைக்கு தொழிலாளி கையெழுத்துக்கு அங்க இடம் இல்ல.

#10 ஊர்க்காரன் வல்லம்

நான் இந்தப் பக்கத்து ஆளு. எங்க நிலத்துல தான் சிப்காட் தொழிற்பேட்டை வந்துச்சு. வெளியூர் தம்பிங்க மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல, எங்க வீட்டு மாடியிலயே எட்டு பேரு வாடகைக்கு இருக்காங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, எங்க வார்டுல ஓட்டு முன்னூத்து சொச்சம். வெளியூர் ஆளுங்க ஐநூறு பேரு ஓட்ட இங்க மாத்திக்கிட்டா, ஏரி மீன் ஏலம், மேய்ச்சல் நிலம், கோயில் வழி, இதெல்லாம் ரெண்டு வருஷத்துல கிளம்பிப் போறவங்க முடிவு பண்ணுவாங்களா? நாங்க நிலத்த ஏற்கனவே விட்டாச்சு, ஊரையும் விடணுமான்னு பெரியவங்க கேக்குறாங்க. இத யாரும் பேசறதில்ல, அதான் எழுதினேன்.

#11 பெரம்பூர் லோகோ ரிட்டயர்டு

வல்லத்துக்காரர் பயம் நியாயமான பயம், அத லேசா எடுத்துக்கக் கூடாது. ஆனா தண்ணி லாரி வராதது உங்க மாடியில இருக்குற எட்டு பேருக்கு மட்டுமா, உங்களுக்கும் தான. ஓட்டு இருக்குற முன்னூறு பேரோட குரல் பத்தலன்னு தான லாரி நாலு நாளைக்கு ஒரு தடவை வருது. சிப்காட் கம்பெனிங்ககிட்ட தண்ணி, ரோடு, கழிவு கேக்கணும்னா நீங்களும் அவங்களும் ஒரே பந்தல்ல உக்காந்தா தான் கேக்க முடியும். பெரம்பூர்லயும் மில்லுக்கு வந்தவங்க எல்லாம் வெளியூரு தான், எங்க தாத்தாவும் செங்கல்பட்டு பக்கத்துல இருந்து நடந்து வந்தவர்.

#12 பனியன் கம்பெனி அக்கா

ஓட்ட மாத்திக்கோங்கன்னு சொல்றது சுலபமுங்க. எங்கம்மா ஊர்ல தனியா இருக்கு. என் பேரு அந்த லிஸ்ட்ல இருக்கற வரைக்கும் தான் தலைவரு "உம்மவ வந்துட்டாளா"ன்னு ஒரு வார்த்தை கேப்பாரு. மாத்திட்டா அதுவும் போயிரும். அதனால எங்க வெக்கறதுன்னு தொழிலாளி தான் முடிவு பண்ணோணும். அங்கயே வெச்சுக்கறவங்களுக்கு தபால் ஓட்டு கொடுக்கோணும், இங்க மாத்தறவங்கள இழுத்தடிக்காம சேர்க்கோணும். ரெண்டும் வேணும்.

உள்ளாட்சின்னு சொன்னா அங்க தேர்தலே நடந்தா தானுங்களே. 2016-ல முடிஞ்சதுக்கு கிராமத்துக்கு 2019 டிசம்பர்ல தான் நடத்துனாங்க. அதுவும் 2025 ஜனவரில முடிஞ்சு, பெரும்பாலான மாவட்டத்துல தனி அதிகாரிங்க கையில போயிருச்சு. தலைவரே இல்லாத ஊர்ல யாரப் போய் கேக்கறது? அஞ்சு வருசம் முடியற தேதி அன்னைக்கே தெரியும், அடுத்த தேர்தல் தேதிய முன்னாடியே குறிச்சு வெக்க என்ன தடை?

#13 நேர்வழி

டீச்சர் சொன்ன அந்தப் பையன் கதைய எங்க வீட்ல படிச்சு காட்டினேன். நான் முதல்ல எழுதினது அவசரப்பட்டு எழுதிட்டேன். காசு பத்தி என் கருத்து மாறல, ஆனா யாரை நோக்கி சொல்லணுமோ அவங்கள விட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்க.

ஒரகடம் தம்பி, உங்க ரூம்ல இருக்குறவங்க ஓட்ட இங்க மாத்தணும்னா ஹவுஸ் ஓனர் வாடகை அக்ரிமெண்ட் தரலன்னா என்ன செய்வீங்க? என் தம்பி பையனுக்கும் அதே பிரச்சனை தான்.

#14 சாக்பீஸ் டீச்சர்

இதுக்கு நான் சொல்றேன், நானே ரெண்டு வருஷம் பி.எல்.ஓ-வா, அதாவது ஒரு பூத்தோட ஓட்டர் லிஸ்ட்ட பாத்துக்குற அலுவலரா இருந்தேன். ஏற்கனவே ஓட்டு இருக்குறவங்க இடம் மாத்த ஃபாரம் 8, புதுசா சேர்க்க ஃபாரம் 6. வாடகை ஒப்பந்தம் மட்டும் தான் ஆதாரம்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. பேங்க் பாஸ்புக், கேஸ் பில், தண்ணி பில், ஆதார்ல இந்த அட்ரஸ் இருந்தா அது, இதுல ஏதாவது ஒன்னு போதும். எதுவுமே இல்லன்னாலும் நிராகரிக்கக் கூடாது, பி.எல்.ஓ நேர்ல வந்து ஆள் அங்க இருக்காரான்னு பாத்து எழுதணும்.

சிக்கல் எங்கன்னா அந்த நேர்ல வர்றதுல தான். எஸ்.ஐ.ஆர், அதான் ஓட்டர் லிஸ்ட் சிறப்பு தீவிர திருத்தம், 2025 நவம்பர்ல ஆரம்பிச்சப்ப வீடு வீடா ஃபாரம் கொண்டு போனவங்க பகல்ல தான் போக முடிஞ்சுது, நாங்களும் ஸ்கூல், அங்கன்வாடி வேலைய பாத்துட்டு போறவங்க. ஷிஃப்ட் ஆளுங்க ரூம் பகல்ல பூட்டியிருக்கும், இல்லன்னா நைட் ஷிஃப்ட் முடிச்சவங்க தூங்குவாங்க, கதவ தட்டினா கேக்காது. பூட்டின வீடுன்னு எழுதிட்டு வந்துடுவாங்க. பி.எல்.ஓ-வ குறை சொல்லிப் பயனில்ல, இந்த ஏரியாவுக்கு ராத்திரி எட்டு மணிக்கு ஒரு கேம்ப், ஞாயித்துக்கிழமை கம்பெனி கேட்ல ஒரு கேம்ப்னு தேர்தல் ஆபீஸ்ல மனு கொடுங்க. காலேஜ்ல கேம்ப் போடுறாங்க, சிப்காட் கேட்ல போட என்ன தயக்கம்?

#15 ஒரகடம் செகண்ட் ஷிஃப்ட்

டீச்சர், ரொம்ப நன்றி. இத அப்படியே பிரிண்ட் எடுத்து ரூம்ல படிச்சு காட்டினேன்.

எங்க பில்டிங்ல மொத்தம் பதினாலு பேரு. ஏழு பேரு இங்க மாத்திக்கிறோம்னு சொல்லிட்டாங்க, அதுல நானும் ஒருத்தன். அஞ்சு பேரு ஊர்லயே இருக்கட்டும்னாங்க, அக்கா சொன்ன அதே காரணம் தான், அம்மா அப்பா அங்க இருக்காங்கன்னு. ரெண்டு பேருக்கு 18 முடிஞ்சும் எங்கயுமே பேரு இல்ல, அவங்களுக்கு ஃபாரம் 6. ஹவுஸ் ஓனர் அம்மா அக்ரிமெண்ட் தர மாட்டேன்னாங்க, ஆனா பி.எல்.ஓ வந்தா "ஆமா, இவங்க இங்க தான் இருக்காங்க"ன்னு சொல்றேன்னு ஒத்துக்கிட்டாங்க. வல்லத்து அண்ணன் எனக்கு மெசேஜ் பண்ணி, அடுத்த கிராம சபைல தண்ணி லாரி விஷயத்த அவரே எழுப்புறேன்னு சொல்லியிருக்கார், எங்களையும் வரச் சொன்னார்.

சனிக்கிழமை ஃபாரம் எல்லாம் கொடுத்தாச்சு. பி.எல்.ஓ எப்ப வருவாங்கன்னு தெரியாது, அதனால ஒரு ஏ4 பேப்பர்ல ஒன்பது பேரோட பேரு, இந்த வாரம் யாருக்கு எந்த ஷிஃப்ட், எத்தன மணிக்கு ரூம்ல இருப்போம்னு எழுதி கதவுல வெளிப்பக்கம் ஒட்டியிருக்கோம். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஷிஃப்ட் மாறும்போது கிழிச்சுட்டு புதுசா எழுதணும், இந்த வாரம் அது என் முறை.